கம்பஸா, அப்ரென்டிஸ்ஷிப்பா? அணுசக்தி எஞ்சினியராக விரும்பும் மகனைப் பற்றிக் கேட்ட ஒரு தாய்க்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மகன் லண்டன் ஹரோவில் ஏ லெவல் இரண்டாம் வருடம் படிக்கிறான். மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. நல்ல கிரேட் வரும் என்று ஸ்கூலில் சொல்கிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத் தளமான யூகாஸில் ஐந்து கம்பஸுக்கும் போட்டாயிற்று. இப்போது வந்து, "அணுசக்தியில் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் செய்யப்போகிறேன், கம்பஸ் வேண்டாம்" என்று நிற்கிறான், அதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் படிப்பது. அது உண்மையான பட்டமா, அவன் உண்மையான எஞ்சினியர் ஆவானா, உடம்புக்கு ஆபத்தில்லையா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட நாலாவது ஒன்றும் வரிகளுக்கு நடுவே தெரிகிறது: கோயிலில் யாராவது "மகன் எந்தக் கம்பஸ்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நக்கலுக்குச் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் கம்பஸ் என்ற சொல்தான் பிள்ளை கரை சேர்ந்ததற்கு அடையாளம். யாழ்ப்பாணத்தில் கம்பஸ் நுழைவுக்கான வெட்டுப்புள்ளியை எண்ணி எண்ணி வளர்ந்த தலைமுறைக்கு அது லேசில் போகாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே தீர்மானிக்க வசதியாக. இங்கிலாந்தின் வடமேற்கில் ஏறக்குறைய இருபது வருடமாக இந்தத் துறையில் மெக்கானிக்கல் எஞ்சினியராக இருக்கிறேன். நான் வந்தது கம்பஸ் வழி. ஆனால் கடந்த எட்டு வருடமாக என்னிடம் பயிலுநர்கள் (அப்ரென்டிஸ்கள்) வந்து போகிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது, அறிக்கை பார்ப்பது, சில சமயம் ஆட்களைத் தெரிவு செய்யும் மேசையில் இருப்பது எல்லாம் என் வேலையில் சேர்ந்தவை. அதாவது இந்தப் பயிற்சியை நான் அனுபவித்தவன் அல்ல, மேசையின் மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தவன். நீர்மூழ்கிக் கப்பல் பக்கமும், கல்ஹமில் நடக்கும் அணு இணைவு ஆராய்ச்சிப் பக்கமும் நான் வேலை செய்ததில்லை.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் வைக்கிறேன். டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இங்கிலாந்தில் 2015இல் வந்தது. மகன் முதல் நாளிலிருந்தே ஒரு நிறுவனத்தின் ஊழியன்: ஒப்பந்தம், சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் உண்டு. படிப்புக் கட்டணத்தில் ஒரு சதமும் அவன் கட்டுவதில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுணைத் தாண்டும் நிறுவனங்களிடம் 2017 ஏப்ரலிலிருந்து அரசாங்கம் 0.5 வீதம் வரியாக வாங்குகிறது. அந்தப் பானையிலிருந்துதான் கம்பஸுக்குக் காசு போகிறது. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம், நிறுவனம் அல்ல. இந்தத் துறைக்கென்றே "நியூக்ளியர் சயன்டிஸ்ட் அண்ட் நியூக்ளியர் எஞ்சினியர்" என்று ஆறாம் நிலைத் திட்டம் ஒன்று இருக்கிறது; ஆறாம் நிலை என்றால் இளங்கலைப் பட்ட நிலை. பல இடங்களில் அந்தப் பெயரில்லாமல், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில் டிகிரி அப்ரென்டிஸாக எடுத்து அணுசக்தித் தளத்தில் பழக்குவார்கள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை ஆகலாம். சில இடங்களில் வாரத்தில் ஒரு நாள் கம்பஸ்; சில இடங்களில் சில வாரங்கள் தொடர்ந்து வகுப்பு, பிறகு சில மாதம் வேலை. கடைசியில் வெளியார் முன்னால் ஒரு இறுதி மதிப்பீடு உண்டு.

அப்ரென்டிஸ்ஷிப் என்ற தலைப்புக்குள்ளேயே நாலைந்து படிகள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். டார்பியில் ரோல்ஸ் ராய்ஸின் நீர்மூழ்கிப் பிரிவு 2022இல் ஒரு நியூக்ளியர் ஸ்கில்ஸ் அகாடமி திறந்தது; வருடத்துக்கு 200 பேரை எடுப்பதாக அறிவித்தது. அந்த 200 பேரும் பட்டத்துக்குப் போகிறவர்கள் அல்ல. மூன்றாம் நிலை என்றால் ஏ லெவலுக்குச் சமமான டெக்னீஷியன் பயிற்சி. அது மட்டமானது என்று சொல்ல வரவில்லை. அங்கிருந்து ஏறி வந்து என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏ லெவலில் மேத்ஸும் ஃபிசிக்ஸும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நிலையில் நுழைந்தால் இரண்டு வருடம் வீண். விளம்பரத்தில் "லெவல் 6" என்று இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கு சுலபம். இங்கிலாந்தில் 2025-26இல் கம்பஸ் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண். மூன்று வருடத்துக்கு 28,605. அதற்கு மேல் இருக்க, சாப்பிட எடுக்கும் கடன் தனி. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு கம்பஸ் தொடங்கியவர்கள், 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும் தொகையில் 9 வீதத்தை 40 வருடம் வரை கட்ட வேண்டும். 40,000 சம்பளம் என்றால் வருடத்துக்கு 1,350 பவுண், வரி போலவே வெட்டிக்கொண்டு போகும். அப்ரென்டிஸுக்கு இது எதுவும் இல்லை. சட்டப்படியான அப்ரென்டிஸ் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்தான், ஆனால் இந்தத் துறையில் டிகிரி பயிலுநர்களுக்கு அதைவிட நன்றாகவே கொடுக்கிறார்கள். நான் பார்த்த விளம்பரங்கள் முதல் வருடமே இருபதாயிரத்தைத் தாண்டியவை. இன்னொன்று: இடையில் விட்டுவிட்டால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அரச நிதி விதிப்படி பயிற்சிக் கட்டணத்தைப் பயிலுநரிடம் வாங்கக் கூடாது, பாதியில் போனாலும். இடம் மாறக் கொடுத்த காசு போன்றவை வேறு கதை. ஒப்பந்தத்தில் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

சரி, உண்மையான எஞ்சினியரா? வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் எஞ்சினியர் என்ற சொல்லுக்குக் காவல் இல்லை. பொய்லர் திருத்த வருபவரும் எஞ்சினியர்தான். காவல் உள்ள பட்டங்கள் இன்கார்ப்பரேட்டட் எஞ்சினியர், சார்ட்டர்ட் எஞ்சினியர் ஆகியவை. அவற்றை எஞ்சினியரிங் கவுன்சிலின் பதிவேடு வைத்திருக்கிறது, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர் சங்கங்களும் நியூக்ளியர் இன்ஸ்டிட்யூட்டும் வழங்குகின்றன. அங்கே கேட்பது நீ எந்த வழியால் வந்தாய் என்றல்ல. உன் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா, என்ன வேலை செய்து காட்டினாய் என்றுதான். ஆகவே மகன் பார்க்கவேண்டியது ஒன்று: அந்தப் பாடநெறி எஞ்சினியரிங் பட்டமான பிஇங்கா, விஞ்ஞானப் பட்டமான பிஎஸ்சியா, எந்தச் சங்கத்தின் அங்கீகாரம், எந்தப் பதிவுக்கு. சார்ட்டர்ட் ஆக வழக்கமாக மாஸ்டர்ஸ் அளவுக்குப் படிப்பு வேண்டும். முன்பெல்லாம் பயிலுநர்கள் பட்டம் முடித்து ஏழாம் நிலை அப்ரென்டிஸ்ஷிப்பில் மாஸ்டர்ஸைச் செய்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து அதற்கான அரச நிதி, தொடங்கும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் மகன் 18 வயதில் நுழைந்து நாலு வருடம் படித்தால் 22 ஆகிவிடும். பிறகு நிறுவனம் தன் காசில் படிக்க வைக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். நேர்முகத்தில் கேட்கத் தகுந்த கேள்வி. ரொறன்ரோவில் மாமா இருக்கிறார், பின்னால் அங்கே உள்ள டார்லிங்டன், பிக்கரிங் அணுமின் நிலையங்களுக்குப் போகலாம் என்ற யோசனை இருந்தாலும் அங்கீகாரத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இனி காகிதத்தை வைத்துவிட்டு வேலையைப் பற்றிக் கதைப்போம். நான் 22 வயதில், பிஇங் முதல் வகுப்போடு, முதன்முறை ஒரு பிளான்டுக்குள் போனேன். திரவ ஓட்டத்துக்கான நேவியர் ஸ்டோக்ஸ் சமன்பாட்டை எழுதத் தெரியும். ஆனால் முன்னால் இருந்த இரண்டு வால்வில் எது கேட், எது குளோப் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பதினெட்டு வயதுப் பயிலுநர் சிரிக்காமல் சொல்லித் தந்தான்: இது தட்டையாக ஒடுங்கி நிற்கிறதே, உள்ளே ஒரு பலகை மேலும் கீழும் போகும், திறப்பதற்கும் மூடுவதற்கும் மட்டும், அது வயிறு பருத்து நிற்கிறதே, உள்ளே தண்ணீர் வளைந்து போகும், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க அதுதான். அந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவன் பாதுகாப்பு அறிக்கை எழுதுவது ஆபத்து. கம்பஸ் வழி வந்தவர்களுக்கு அதைப் பிடிக்க இரண்டு வருடமாகும். பயிலுநருக்கு அது முதல் மாதத்திலேயே கையில் ஒட்டிவிடுகிறது.

இன்னொன்று, சில வருடத்துக்கு முன். என்னிடம் இரண்டாம் வருடப் பயிலுநர் ஒருத்தி இருந்தாள். காற்றோட்டக் குழாய் ஒன்றில் வடிகட்டி மாற்றும் வேலைக்கு முன், வரைபடத்தை வைத்துக்கொண்டு குழாய் வழியே நடந்து பார்க்கும் வேலை. அவள் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி நிமிர்த்திக் குழாயைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். வரைபடத்தில் ஒரு டேம்பர் (காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடு) இருக்கிறது, மேலே குழாயில் இல்லை; இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதில் வேறு எண் தட்டு. கூட வந்த மூத்தவர், "அது பழைய வரைபடம், எல்லோருக்கும் தெரியும், வா" என்றார். அவள் வரவில்லை. "எல்லோருக்கும் தெரியும் என்றால் ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டாள். வேலை அன்று நின்றது. மூன்று நாள் தாமதம், மேலிடத்தில் முணுமுணுப்பு. ஆனால் அந்த மூத்தவரே அடுத்த வாரம் அவளைத் தன் குழுவுக்குக் கேட்டு வாங்கினார். அணுசக்தி எஞ்சினியர் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், சூத்திரத்தைச் சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளை நின்ற நிலையைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் இந்தத் துறையில் அணுக்கரு இயற்பியல் செய்பவர்கள் சிலர்தான். மற்ற எல்லோரும் பம்பு, கிரேன், கான்கிரீட், வெல்டிங், கேபிள், கட்டுப்பாட்டு மென்பொருள், ரசாயனம் என்று இருக்கிறோம். வித்தியாசம், ஒவ்வொன்றுக்கும் சேஃப்டி கேஸ் என்று ஒரு வாதம் எழுதி நிரூபிக்க வேண்டும்: என்னென்ன பிழையாகப் போகலாம், போனால் என்ன ஆகும், அதற்கு எதிராக எத்தனை அடுக்குத் தடுப்பு இருக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு தளத்துக்கும் 36 நிபந்தனைகள். ஓஎன்ஆர் என்ற ஒழுங்குமுறை அலுவலகம் மேலே நிற்கிறது. ஒரு வாஷர் மாற்றவும் காகிதம் உண்டு என்று நாங்கள் பகிடி விடுவோம். பகிடி முழுக்கப் பகிடியும் அல்ல. எழுதுவதை வெறுக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அது உங்கள் மகனுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அதேபோல, அவனுடைய ஆசை உலையின் உள்ளே நியூட்ரான் எப்படிப் பாய்கிறது என்பதில் இருந்தால், அப்ரென்டிஸ்ஷிப் அவனுக்குச் சரியான வழி அல்ல என்றே நினைக்கிறேன். அவன் ஃபிசிக்ஸ் படிக்கட்டும், பிறகு பர்மிங்ஹமில் 1956இலிருந்து நடக்கும் உலை இயற்பியல் மாஸ்டர்ஸ் போன்ற ஒன்றைச் செய்யட்டும். முனைவர் பட்டம், ஆராய்ச்சி என்று போகக்கூடிய பிள்ளைகளை 18 வயதில் ஒரு நிறுவனத்தின் கேட்டுக்குள் அடைப்பது நல்லதல்ல. அவனோடு உட்கார்ந்து, எது அவனை இழுக்கிறது என்று கேளுங்கள். "உலையைப் பார்க்க ஆசை" என்பதும் "உலையைக் கணக்கிட ஆசை" என்பதும் இரண்டு வேறு ஆசைகள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்: அப்ரென்டிஸ்ஷிப்பில் நீங்கள் தெரிவு செய்வது கம்பஸை அல்ல, வேலை இடத்தை. கம்பஸ் என்றால் பாடத்திட்டம் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இங்கே அவன் யாருடைய பக்கத்தில் உட்காருகிறான் என்பதே பாடத்திட்டம். வடமேற்குக் கரையில் கும்பிரியாவில் செல்லஃபீல்ட் இருக்கிறது. 1956இல் எலிசபெத் ராணி வந்து திறந்த கால்டர் ஹோல் நிலையம் அங்கேதான் இருந்தது, 2003இல் நிறுத்தினார்கள். இப்போது அங்கே மின்சாரம் இல்லை; பழைய கழிவுக் கிடங்குகளைத் திறந்து, உள்ளதை எடுத்து, பத்திரப்படுத்தும் வேலை. ஏறக்குறைய 11,000 பேர் வேலை செய்கிறார்கள், திட்டம் 2125 வரை போகிறது. கேட்கக் கவர்ச்சி இல்லை. ஆனால் முன் யாரும் செய்யாத வேலை: அறுபதுகளில் ஒழுங்கான பதிவில்லாமல் கொட்டிய ஒரு தொட்டிக்குள் தூரத்திலிருந்து இயக்கும் கையை விட்டு எடுப்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. நல்ல எஞ்சினியர்கள் அங்கே உருவாகிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்நிலையங்கள் வேறு மாதிரி. ஹீஷம், ஹார்ட்லிபூல், டோர்னஸ் எல்லாம் கரியமில வாயுவால் குளிர்விக்கும் பழைய வகை. உள்ளே இருக்கும் கிராஃபைட் கட்டிகளில் விரிசல் விழுவதுதான் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 2030ஐ ஒட்டி அவை மூடப்படும் என்பது இப்போதைய திட்டம். அதன்பிறகு பழைய நிலையங்களில் மிஞ்சப்போவது 1995இல் வந்த சைஸ்வெல் பி மட்டும். டோர்னஸ் ஸ்கொட்லாந்தில் இருப்பதால் அங்கே விதிகளும் வேறு, கிராஜுவேட் அப்ரென்டிஸ்ஷிப் என்று பெயரும் வேறு. புதுக் கட்டுமானத்தில் ஹிங்க்லி பாயின்ட் சி இருக்கிறது. 2016இல் ஒப்புதல் கொடுத்தபோது 2025இல் மின்சாரம் வரும் என்றார்கள், இப்போது 2030 வாக்கில் என்கிறார்கள். சைஸ்வெல் சி என்ற அடுத்த நிலையத்துக்கு 2025 ஜூலையில் முதலீட்டு முடிவு வந்தது. ரோல்ஸ் ராய்ஸின் 470 மெகாவாட் சிறு உலைகளுக்கு அதே வருடம் அரசாங்கம் பச்சைக்கொடி காட்டி, வேல்ஸில் வில்வா என்ற இடத்தையும் அறிவித்தது.

இங்கேதான் என் சந்தேகம் தொடங்குகிறது. வில்வா என்ற பெயரை நாங்கள் முன்பும் கேட்டிருக்கிறோம். ஹிட்டாச்சி 2019இல் அங்கே வேலையை நிறுத்தி 2020இல் விலகியது. செல்லஃபீல்டுக்குப் பக்கத்தில் மூர்சைட் என்று ஒரு நிலையம் வருவதாக இருந்தது. 2018இல் டோஷிபா கைகழுவியது. அறிவிப்பை நம்பி வீடு வாங்கியவர்கள் எனக்குத் தெரிய இருக்கிறார்கள். இந்த முறை அலை நிஜம் என்று நினைக்கிறேன். 2024இல் வந்த தேசியத் திறன் திட்டம் பயிலுநர்களையும் பட்டதாரிகளையும் இரட்டிப்பாக்கச் சொல்கிறது. என் தளத்தில் ஓய்வு பெறுகிறவர்களின் வரிசையைப் பார்த்தாலே ஆள் தேவை என்பது விளங்கும். ஆனால் நினைப்பு வேறு, உறுதி வேறு. ஒரே ஒரு புதுத் திட்டத்தில் தொங்கும் நிறுவனத்தைவிட, பல தளத்தில் வேலை உள்ள நிறுவனம் பயிலுநருக்குப் பாதுகாப்பு. வடிவமைப்பு நிறுவனங்களும் பயிலுநரை எடுக்கின்றன; அங்கே வேலை சுத்தம், ஊரும் பரவாயில்லை, ஆனால் வால்வைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் குறைவு.

கஷ்டத்தையும் சொல்லவேண்டும், விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். கம்பஸ் பிள்ளைக்கு மூன்று மாதக் கோடை லீவு. இவனுக்கு வருடத்தில் ஐந்து வாரமளவில்தான். நாலு நாள் முழு வேலை, ஐந்தாம் நாள் வகுப்பு, சனி ஞாயிறில் அசைன்மென்ட். இரண்டாம் வருடத்தில் வெப்பவியல், கணிதம், வேலைப் பதிவேடு எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது நல்ல பிள்ளைகளே ஆடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் கண் திறந்தபடியே தூங்கினான். மேலாளர் படிப்பு நாளை மதித்தால் பிழைப்பான். "இன்று மட்டும் வா, அவசரம்" என்று மாதத்தில் இரண்டு தரம் கூப்பிடுகிற மேலாளர் வாய்த்தால் படிப்பு சறுக்கும். விதிப்படி அது அவனுடைய நேரம். ஆனால் 19 வயதில் மேலாளரிடம் அதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

தனிமை இன்னொன்று. இந்தத் தளங்களை வேண்டுமென்றே ஆள் குறைந்த கரையில்தான் கட்டினார்கள். பாரோவிலிருந்து செல்லஃபீல்டுக்குப் போகும் ரயில் கடலை ஒட்டி ஊர்ந்து போகும். பார்க்க அழகு, வெள்ளிக்கிழமை இரவு அதில் லண்டன் திரும்புவது அழகல்ல. நான் வந்த புதிதில் கறிவேப்பிலைக்கு மான்செஸ்டர் போவேன், போய்வர ஒரு நாள். ஹரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, தன் நிறத்தில் ஆள் இல்லாத ஓர் ஊரில், தன் வயதுக்காரர் எல்லாம் கம்பஸ் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது, நவம்பர் மழையில் தனி அறை. தாங்குகிற பிள்ளையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். டார்பி, பிரிஸ்டல், வாரிங்டன் பக்கம் என்றால் இவ்வளவு இல்லை.

கதிர்வீச்சுக்கு வருகிறேன். நீங்கள் "பின்னால் கல்யாணம், பிள்ளைகள்" என்று எழுதி நிறுத்தியது விளங்கியது. எல்லாத் தாய்மாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த நாட்டில் ஒருவருக்கு இயற்கையாலும் மருத்துவத்தாலும் வருடத்துக்குச் சராசரி 2.7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) கிடைக்கிறது. கோர்ன்வாலில் பாறையிலிருந்து வரும் ரேடான் வாயுவால் அது 6.9. அணுமின் நிலைய ஊழியர் ஒருவருக்கு வேலையால் கூடுதலாகக் கிடைக்கும் சராசரி 0.18, அத்லாந்திக் தாண்டும் ஒரு விமானப் பயணத்தில் 0.08. சட்ட எல்லை பெரியவர்களுக்கு வருடம் 20, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பயிலுநருக்கு 6. கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகிறவர்கள் அளவுமானி குத்திக்கொண்டுதான் போகவேண்டும். வெளியே வரும்போது ஒரு பெட்டிக்குள் கையையும் காலையும் வைத்து, அது பச்சை காட்டும்வரை நிற்கவேண்டும். முதல் முறை எல்லோருக்கும் நெஞ்சு அடிக்கும். பழக்கமாகிவிடும், அதற்கு மேல் பழகிவிடக் கூடாது என்று நாங்கள் திட்டுவோம். உண்மையில் என் தளத்தில் நான் பார்த்த காயங்கள் ஏணி, படிக்கட்டு, பளு தூக்கல், கார் பார்க் பனிக்கட்டி ஆகியவற்றால் வந்தவை. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். நான் என் மகளை அனுப்புவேன், அவ்வளவுதான்.

பாதுகாப்புச் சோதனை நம்முடைய ஆட்களைப் பயப்படுத்தும் இன்னொரு விஷயம். வேலைக்கேற்ப அடிப்படைச் சோதனை, சிடிசி, எஸ்சி என்று படிகள் உண்டு. எஸ்சி என்ற மேல்படிக்குப் பொதுவாக ஐந்து வருடம் இங்கே வாழ்ந்திருப்பதை எதிர்பார்ப்பார்கள். பெற்றோரின் விபரம், பிறந்த நாடு, வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாம் கேட்பார்கள். நீங்கள் அகதியாக வந்தவர்கள் என்பது மட்டும் காரணமாக மகனைத் தள்ளிவிட மாட்டார்கள். அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இந்தத் துறையில் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஆனால் எதையும் மறைக்கக் கூடாது. ஊர்ப் பழக்கத்தில், "இதை ஏன் எழுதுவான்" என்று ஒரு முகவரியை, ஒரு சித்தப்பாவை விட்டுவிடுவோம். விட்டது பின்னால் தெரிந்தால் அதுதான் பிரச்சினை. நீர்மூழ்கிக் கப்பல், ஆயுதப் பக்கம் கண்டிப்பு அதிகம். பிரித்தானியக் குடியுரிமை கட்டாயம், சில பதவிகளுக்கு இரட்டைக் குடியுரிமையும் இடைஞ்சல். இலங்கைக் கடவுச்சீட்டையும் எடுத்து வைத்திருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்கட்டும்.

தெரிவு செய்யும் மேசையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நம் பிள்ளைகள் மதிப்பெண்ணில் குறைவதில்லை, வேறு ஒன்றில் குறைகிறார்கள். "நீ செய்த ஒரு பிழையைச் சொல்" என்று கேட்போம். டியூஷனில் பயிற்சி எடுத்த பிள்ளை, "நான் அளவுக்கு மீறிக் கடுமையாக உழைப்பேன்" என்று தொடங்கும். எழுதி வைத்த மதிப்பெண் அங்கேயே இறங்கிவிடும். எங்களுக்கு வேண்டியது பிழையை ஒத்துக்கொள்ளும் ஆள். வால்வைத் தவறாகத் திறந்துவிட்டால் ஓடி வந்து சொல்லும் ஆள். அடுத்தது, பெரியவர் சொன்னால் மறுத்துக் கதைக்காதே என்று நாம் வளர்க்கிறோம். அது வீட்டுக்கு நல்லது. பிளான்டில், பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, இதுதானே என்று கேட்டு, சரியில்லை என்றால் நில் என்று சொல்லவேண்டும்; வால்வு எண்ணை இருவரும் மாறி மாறிச் சொல்லி உறுதி செய்வது எங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. மகன் உங்களோடு இந்த விஷயத்தில் எதிர்த்துக் கதைத்திருக்கிறான் அல்லவா? தகுதி இருக்கிறது.

இப்போது செய்யவேண்டியது. அப்ரென்டிஸ்ஷிப்புக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பதில்லை. நிறுவனங்களின் தளத்திலும் அரசாங்கத்தின் அப்ரென்டிஸ்ஷிப் தேடும் தளத்திலும் நேரடியாகப் போடவேண்டும். செப்டம்பரில் திறக்கத் தொடங்கி, பல இடங்களில் கிறிஸ்துமஸுக்கு முன்போ ஜனவரியிலோ மூடிவிடுவார்கள். கம்பஸ் விண்ணப்பத்தை விடவேண்டியதில்லை, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கோடையில் முடிவு செய்யலாம். போட்டி கடுமை, ஒரு இடத்துக்குப் பலர், அதனால் ஒன்றை மட்டும் நம்பிப் போடாமல் ஆறேழுக்குப் போடட்டும். திறந்த நாள் வைத்தால் நீங்களும் போங்கள், ஆனால் மேலாளர்களிடம் நிற்காமல், அங்கே நிற்கும் இரண்டாம் வருடப் பயிலுநரைத் தனியாகப் பிடித்து மகன் இரண்டு கேள்வி கேட்கட்டும்: போன செவ்வாய்க்கிழமை முழு நாளும் என்ன செய்தாய்? உன் படிப்பு நாளில் கடைசியாக எப்போது வேலைக்குக் கூப்பிட்டார்கள்? அந்தப் பிள்ளை யோசிக்கிற நேரத்திலேயே பாதி விடை இருக்கும்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் ஃபோன் எடுப்பதும் அவனே செய்யவேண்டும். போன வருடம் ஒரு அம்மா மகனுக்காக என் சக ஊழியருக்கு நாலு தரம் ஃபோன் எடுத்தார். நாலாவது தரம் அந்தச் சக ஊழியருக்குப் பெடியனுடைய பெயர் மறந்துவிட்டது, அம்மாவுடைய பெயர் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.